காற்றுப் படக்கூடாத முப்பது நாள்

மிங்-தாவ் டாக்டர் பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஆனால் அவன் மாமியார் இப்போதே அவனை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதைக்கு இல்லை. "டாக்டரே, இஞ்சியோட தோலைச் சீவலாமா கூடாதா, சொல்லு பாப்போம்" என்று மடக்குவதற்கு.

மாமியார் தைவானில் ஜியாயி சந்தையில் முப்பது வருஷமாகக் கோழி விற்கிறாள். மகள் யுன்-ருவின் பிரசவத்துக்கு, ஆஸ்திரேலியாவில் அவர்கள் இருக்கும் பிரிஸ்பேனுக்கு வந்து ஒரு மாதம் கூடவே இருப்பதாகத்தான் ஏற்பாடு. டிக்கெட் எடுத்தாயிற்று, எள் எண்ணெய்கூடப் பெட்டிக்குள் போயாயிற்று. புறப்பட ஒன்பது நாள் இருக்கையில் சந்தையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மருமகனைப் போனில் பிடித்தாள்.

"மிங்-தாவ், புள்ள பொறந்ததிலேர்ந்து முப்பது நாள் அவ மேல காத்துப் படக்கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாது. குளிர்ந்தது எதுவும் வாய்ல வைக்கக்கூடாது. உன்னால முடியுமா?"

"முடியும்மா."

"ஒரு நாள் தப்பினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். கட்டைப் பிரிச்ச மறுநாளே வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். நீ நிம்மதியா படிச்சு முடி. அப்புறம் வந்து பொண்டாட்டி புள்ளைய வாங்கிக்க."

யுன்-ரு, "அம்மா சும்மா மிரட்டுறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. யுன்-ருவின் அக்காவையும் அம்மா இப்படித்தான் ஒரு மாதம் என்று சொல்லிக் கூட்டிப் போனாள். அக்கா கணவன் வீட்டுக்குத் திரும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. சந்தையில் யாராலும் அவளிடம் பேரம் பேச முடியாது. மருமகன்கள் எந்த மூலைக்கு.

குழந்தை ஜூலைக் கடைசியில் பிறந்தது. பெண். செல்லப் பெயர் பட்டாணி. அன்றிலிருந்து மிங்-தாவின் நாள் காலை ஐந்தரைக்கு இஞ்சியோடு தொடங்கியது. எழுந்ததும் சிவப்புப் பேரீச்சை போட்டு ஒரு பெரிய குடுவைத் தண்ணீர் கொதிக்க வைப்பான். யுன்-ரு நாள் முழுக்க அதைத்தான் குடிக்க வேண்டும். ஏழு மணிக்குக் கஞ்சி. பட்டாணிக்குத் துணி மாற்றுவது. எட்டரை மணிப் பஸ்ஸில் பல்கலைக்கழகம். பதினொன்றரைக்கு அடித்துப் பிடித்துத் திரும்பி மதியச் சமையல். பால் ஊற வேண்டும் என்று பப்பாளிக்காயும் மீனும் போட்ட சூப் ஒரு நாள், பன்றிக்கால் வேர்க்கடலை ஒரு நாள். பிறகு மறுபடி பஸ். அவன் மடிக்கணினியிலிருந்து எள் எண்ணெய் வாசனை வருவதாகக் கூடப் படிப்பவர்கள் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை.

மதியம் சமைக்கும்போதெல்லாம் மாமியார் போன் திரையில் உட்கார்ந்திருப்பாள். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி, பக்கத்தில் தர்பூசணி விதையைக் கொறித்தபடி.

"அந்தக் கோழியைத் தூக்கிக் காட்டு. திருப்பு. தொடையைப் பிடிச்சு அமுக்கு. என்னடா இது, கோழியா தலையணையா?"

"ஸன்னிபேங்க் கடையில இதுதாம்மா கிடைச்சது. நாட்டுக்கோழின்னு சொன்னாங்க."

"யாரோட நாட்டுக்கோழி? அது ஒரு நாளாவது தரையில நடந்திருக்கும்னு நினைக்கிறே?"

பின்னால் கட்டிலில் யுன்-ரு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தையல் வலிக்கும், சிரிக்க வைக்காதீர்கள் என்று இருவரையும் திட்டுவாள். பாவம், அவளுக்கு வேறு பொழுதுபோக்கு என்ன இருந்தது! ஜன்னல் மூடி, திரை இழுத்து, தலையில் கம்பளித் தொப்பி, காலில் காலுறை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் முப்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள், இப்போது ஒரு கட்டிலில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று மிங்-தாவ் ஒருமுறை கேட்டான்.

"தெரியல" என்றாள் யுன்-ரு. "ஆனா அம்மா அவங்க கையாலயே செய்யணும்னு ஆசைப்பட்டாங்க. அவங்களால வர முடியல. அதனால நீ செய்றே. நம்பிக்கை எங்கே வந்தது இதுல?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. ஜன்னல் கொக்கியை மட்டும் தினம் இரண்டு முறை சரிபார்த்தான்.

இனி அவன் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. கட்டடத்தில் தீ அபாய மணி அடித்தால் மனிதர்கள் ஏன் உடனே வெளியே போவதில்லை என்பதுதான் அவன் பொருள். நூற்றுப் பன்னிரண்டு பேரின் காமிரா பதிவுகளை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மணி அடிக்கும். ஒருவர் காப்பியைக் குடித்து முடிப்பார். ஒருவர் தலை வாருவார். ஒரு அம்மாள் திரும்பிப் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மிங்-தாவ் திரையைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வான். "கிளம்புங்களேன்! அப்படி என்னதான் இருக்கு உள்ளே!" என்று கத்துவான். அவர்கள் தயங்கிய ஒவ்வொரு விநாடியையும் எண்ணிக் காரணத்தோடு குறித்து வைத்திருந்தான்.

பத்தொன்பதாம் நாள் வந்தது.

ஆகஸ்ட் மாதம் பிரிஸ்பேனில் மேற்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். குளிர் அதிகமில்லை, ஆனால் சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடும் காற்று. அன்று காலையிலிருந்தே அது ஜன்னல் கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது. மிங்-தாவ் இடுக்குகளில் துண்டைச் சுருட்டி அடைத்தான். சமையலறைப் புகைபோக்கி விசிறி வழியாகவும் காற்று வருவதுபோல் தோன்றியது. அதையும் நிறுத்தி அட்டையால் மூடினான்.

அன்று எள் எண்ணெய்க் கோழி. கறுப்பு எள் எண்ணெயில் முற்றின இஞ்சியைத் தோலோடு சுருள வதக்கி, கோழியைப் போட்டுப் பிரட்டி, சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் அரிசி மதுவையே இரண்டு பாட்டில் ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை இருப்பதால் அந்தச் சாராயம் முழுக்கப் போக வேண்டும். அதற்கு ஆவியில் தீயைக் காட்டி எரிய விட வேண்டும். மாமியாருக்கு அன்று கட்டு மாற்றும் நாள், ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரை காலி. மிங்-தாவ் தனியாகத் தீயைக் காட்டினான்.

நீலச் சுவாலை பானைக்கு மேலே ஒரு முழம் எழுந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பானை விளிம்பில் வழிந்திருந்த எண்ணெய் கருகிவிட்டது. அவன் பதறாமல் அடுப்பை அணைத்து மூடியைப் போட்டான், தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. போக வழி இருந்தால்தானே! கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீலென்று கத்த ஆரம்பித்தது. பட்டாணி அதற்குப் போட்டியாகக் கத்தினாள்.

"ஜன்னலைத் திற!" என்றாள் யுன்-ரு.

"காத்து வரும்!"

இந்த இடத்தில்தான் நம் தீ அபாய ஆராய்ச்சியாளர், முதல் வருஷ மாணவனும் செய்யாத காரியத்தைச் செய்தார். ஜன்னலை விட்டுவிட்டு, பொது நடைக்கூடத்துக்குப் போகும் வாசல் கதவை விரியத் திறந்தார். புகை ஜம்மென்று வெளியே போனது. நடைக்கூடக் கூரையில் இருந்த பெரிய கருவி அதை முகர்ந்தது. மூன்று மாடிக் கட்டடம் முழுக்க மணி அலறியது. இனித் தீயணைப்பு வண்டி வந்து பார்க்கும்வரை எல்லாரும் வெளியே போயாக வேண்டும்.

மிங்-தாவ் கதவருகே நின்றான். தீ இல்லை என்று அவனுக்குத் தெரியும். அணைத்தவனே அவன்தான். கதவை மூடிவிட்டு இவர்களை உள்ளேயே இருக்கச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"நெருப்பு ஒண்ணுமில்ல. நீயும் பட்டாணியும் இருங்க. நான் மட்டும் கீழே போயி..." என்று ஆரம்பித்தான்.

யுன்-ரு குழந்தையைத் தோளில் போட்டபடி அவனையே பார்த்தாள். "உன் நூத்துப் பன்னெண்டு பேர்ல இப்படிச் சொன்னவங்க எத்தனை பேர்?"

பதினேழு பேர். ஒவ்வொருவரையும் அவன் திட்டியிருக்கிறான்.

"சரி, வா போலாம்" என்றான். உடனே, "இரு, இரு! தொப்பி!" என்றான்.

தொப்பி தலையிலேயே இருந்தது. அதன் மேல் இன்னொன்று வைத்தான். கழுத்துக்குத் துணி. இருக்கிற காலுறை மேல் தன் தடித்த காலுறையை மாட்டினான். அது மாட்டவில்லை, குதிகாலில் சிக்கியது, உட்கார்ந்து இழுத்தான். அவனுடைய கோட்டு. பட்டாணிக்கு இரண்டு போர்வை. பஞ்சுமெத்தைப் போர்வையைக் கட்டிலிலிருந்து உருவிச் சுருட்டிக்கொண்டான். மணி அலறிக்கொண்டே இருந்தது. குழந்தையும்தான்.

"டாக்டரே" என்றாள் யுன்-ரு, அம்மாவின் குரலில். "நாலு நிமிஷம் ஆச்சு."

கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்பே நின்றிருந்தது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யுன்-ருவை அதில் உட்கார வைத்து, காற்று வரும் பக்கம் போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துச் சுவர் போல நின்றான் மிங்-தாவ். காற்று திசை மாறினால் அவனும் மாறினான். தீயணைப்பு அதிகாரி, உயரமான ஒரு பெண், பானையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"பன்னிரண்டாம் நம்பர் வீடு யாரோடது?"

கையைத் தூக்கினால் போர்வை விழும். மிங்-தாவ் முழங்கையைத் தூக்கினான்.

"கோழி நல்லா மணக்குது. ஜன்னலை ஏன் திறக்கல? சரி, பாத்தா மாணவர் மாதிரி இருக்கீங்க, என்ன படிக்கிறீங்க?"

அவன் போர்வையை இழுத்துப் பிடித்தான். யுன்-ருதான் பதில் சொன்னாள். "தீப்பிடிச்சா ஜனங்க ஏன் சீக்கிரம் வெளியே வர்றதில்லன்னு."

அந்த அதிகாரி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். முடியவில்லை. பிறகு தன் ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் போர்வையின் இரு முனையையும் பிடிக்கச் சொன்னாள். மஞ்சள் உடுப்பில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

கீழ் வீட்டு சு-ஜென் அக்கா இதைப் படம் எடுத்தாள். அவளும் தைவான்காரி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. 'எங்கள் கட்டடத்தில் இன்று' என்று ஒரு வரி எழுதி பிரிஸ்பேன் தைவான்காரர்களின் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது யாரோ ஒருவரின் அத்தைக்குப் போனது. அத்தைக்கு ஜியாயி சந்தையில் காய்கறிக் கடை. அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி, பட்டாணியைத் தூங்க வைத்து, யுன்-ருவின் பாதங்களை வெந்நீரில் வைத்து மிங்-தாவ் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்துவிட்டது.

அவன் யுன்-ருவைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். தொட்டிலில் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துத் தூங்கும் பட்டாணியைப் பார்த்தான். இந்த அறை காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தெரிந்தது.

மாமியார் திரையில் வந்தாள். சிரிக்கவில்லை. தர்பூசணி விதையும் இல்லை.

"வெளியே கூட்டிட்டுப் போனியா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம். தப்பு என்னோடதுதான். ஜன்னலைத் திறந்திருந்தா மணியே அடிச்சிருக்காது. உள்ளேயே விட்டுட்டுப் போயிருக்கலாம், நெருப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா மனசு வரல. நீங்க என்ன சொன்னாலும் சரிம்மா."

யுன்-ரு ஏதோ சொல்ல வந்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு போனைக் கையில் எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோழியைப் பார்ப்பதுபோல், தலையிலிருந்து கால்வரை, நிதானமாக.

"தொப்பி ரெண்டு."

"ஆமா."

"கழுத்துல துணி இருக்கு. காலுறை ரெண்டு ஜோடி. மேல இருக்கிறது உன்னோடது."

"ஆமாம்மா."

அவள் வெகுநேரம் படத்தையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"உன் செருப்பு எங்கே?"

மிங்-தாவுக்குப் புரியவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பாதம் முழுக்க கார் நிறுத்துமிடத்துக் கரி. ஒரு விரலில் சரளைக்கல் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. அதுவரை அவனுக்கே தெரியவில்லை.

"மறந்துட்டேம்மா" என்றான்.

யுன்-ரு தொட்டியிலிருந்து தன் கால்களை எடுத்து அதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கட்டைப் பிரிச்சதும் வருவேன்" என்றாள் மாமியார். "பேத்தியைப் பாத்துட்டுத் திரும்பிடுவேன், தனியா. கேட்டுதா? அந்த வெந்நீர்ல காலை வை. பானையில கோழி மீதி இருக்கா?"

"இருக்கும்மா. அடி கொஞ்சம் பிடிச்சிருக்கு."

"பரவால்ல. நீயும் ஒரு கிண்ணம் சாப்பிடு, மகனே."