வெங்காய மண்டியில் இரண்டாம் பாதி

நான் சேர்ப்பது கடையில் விற்கிற புத்தகம் அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து வைத்து, முடிந்ததும் வீட்டிலேயே ஊசி நூலால் தைத்து அட்டை போடுவார்களே, அது. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒரே பிரதி. கதைக்குப் பின்பக்கம் பல்பொடி விளம்பரம் இருக்கும், பாதி ஜோக் இருக்கும். எனக்கு அதுவும் வேண்டும்.

மார்கழி நடுவில்தான் வேட்டை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் பரணைக் காலி செய்வார்கள். எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு வந்துவிடும். ஒத்தக்கடையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தால் அவனியாபுரம் வரை ஒவ்வொரு கடையாக நிற்பேன். வேண்டியதை முதலில் கையில் எடுக்கக் கூடாது. இரண்டு சமையல் புத்தகம், ஒரு ஜோசியம், இவற்றுக்கு நடுவில் செருகித் தராசில் வைக்க வேண்டும். முகத்தில் ஆசை தெரிந்தால் கடைக்காரர் எடைக் கணக்கை மறந்துவிடுவார்.

போன மார்கழியில் அப்படி ஒன்று அகப்பட்டது. பூப்போட்ட துணி ஒட்டிய அட்டை. ஒரே இரவில் படித்தேன். கதாநாயகி ரயிலில் ஏறுகிற இடத்தில் ‘தொடரும்’ என்று நின்றுவிட்டது. முதல் பாதி மட்டும்தான். அந்தக் கதை புத்தகமாக வந்ததாக எங்கேயும் தகவல் இல்லை. முதல் பக்கத்தில் பரவை மார்க்கெட் வெங்காய மண்டி ஒன்றின் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது.

மறுநாள் காலையிலேயே பரவைக்குப் போனேன். அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று புத்தகத்தையும் கொண்டுபோனேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மண்டிக்கார அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திறக்கவில்லை. அட்டையைத்தான் தடவிப் பார்த்தார்.

“இது என் பாவாடைத் துணி. எங்கம்மா தச்சது. பின்பாதி எங்கிட்ட இருக்கு. இதைக் காணோம்னு வீட்டையே பொரட்டிட்டேன்.”

தராசுக்குப் பின்னாலிருந்து அவர் கணவர் சொன்னார்: “பரண்ல அம்புட்டும் ஒண்ணு போலதான் இருந்துச்சு. கையில வந்தத எடைக்குப் போட்டேன். எனக்கென்ன தெரியும்?”

“வெங்காயத்துல அழுகல் மட்டும் தெரியும்.”

நான் அவசரப்பட்டுக் கேட்டேன். “அக்கா, அந்தப் பின்பாதியக் குடுங்க. என்ன வெல சொன்னாலும் சரி.”

“இதை எம்புட்டுக்குத் தருவன்னு நான் உங்கிட்டக் கேக்க இருந்தேன் தாயி.”

புத்தகம் அவர் கையில் இருந்தது.

“முடிவு தெரியுமா உனக்கு?”

“தெரியாது. சொல்லிராதீங்க.”

அவர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். லோடு ஏறியது, இறங்கியது, ஒருவர் என்னை நகரச் சொல்லி அடுத்த மூட்டைக்கு அனுப்பினார். மதியம் முடித்தேன். நல்ல முடிவு. ஆனால் படித்து முடித்தும் ஆசை அடங்கவில்லை, இன்னும் கூடிவிட்டது.

இரண்டு பாதியையும் மடியில் அடுக்கினேன். துணியிலிருந்த பூக்கொடி ஒரு அட்டையில் வெட்டுப்பட்டு மற்ற அட்டையில் தொடர்ந்தது. என்னுடையதை நான் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு வீட்டிலும் அரைக் கதைதான் இருக்கும். அக்கா விற்கப்போவதில்லை, அது தெரிந்துவிட்டது.

“நீங்களே வச்சுக்கங்க,” என்றேன். வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை. அதனால் உடனே பேரத்தையும் போட்டேன். “அதுக்குப் பதிலா, பரண்ல மிச்சம் கிடக்குறத எல்லாம் நான் எடுத்துக்கிறேன்.”

“அள்ளிக்கிட்டுப் போ. இந்த ஒண்ணத் தவிர எதுவும் எனக்கு வேணாம்.”

ஒரு சாக்கு நிறையத் தேறியது. கணவரே வாயைக் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டார். வண்டியைக் கிளப்பும்போது அக்கா சொன்னார்: “மறுபடி படிக்கணும்னா எப்ப வேணா வா தாயி. பை மட்டும் கொண்டாராத.”