அம்மாவின் கால்

தாதியர் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் புஞ்சாக் ஆலாம் போயிருந்தோம். என்னோடு சேர்த்து எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் நால்வரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார்கள்.

முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். ஏன் தாதியாக வேண்டும் என்று கேட்டார். சர்க்கரை நோயால் புண்ணாகிப்போன அம்மாவின் காலுக்குத் தினமும் நான்தான் கட்டுப் போடுகிறேன் என்றேன்.

"இதுதான்லா பதில்! எல்லாரும் இப்படிச் சொல்லுங்க" என்றார்.

சொன்னார்கள், பாவிகள். முதல் பெண்ணின் அம்மாவுக்குக் காலில் புண். அடுத்தவளின் அம்மாவுக்கும் அதே. மூன்றாமவள் கண்ணீரே விட்டாள். அவள் அம்மா அன்று காலைதான் மோட்டார்சைக்கிளில் எங்களைக் கடந்து வேலைக்குப் போயிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "உன் அம்மாவுக்கும் காலில் புண்ணா?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இல்லை, அம்மா நன்றாக இருக்கிறார். எனக்கு ஊசி போடக் கற்றுக்கொள்ள ஆசை" என்றேன்.

வெளியே அம்மா கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்ன கேட்டாங்க?"

"உன் காலைப் பத்திதான்மா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"நல்லவேளை," என்றார் அம்மா. "சீக்காளி வீடுன்னு தெரிஞ்சா இடம் குடுக்க மாட்டாங்க."