கிண்ணத்துக்குள் எத்தனை

1984 மார்ச் 12, திங்கட்கிழமை. எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் அன்று மழையில்லை. பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அத்தை வழக்கம்போல வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு, காய்ந்த துணிகளை மடித்து வைத்துவிட்டு என்னைக் கணக்குக்கு உட்கார வைத்தாள். எனக்கு ஆறு வயது. அத்தையும் மாமாவும் எங்களோடுதான் குடியிருந்தார்கள்.

பத்து ரப்பர் கொட்டைகள், ஒரு கிண்ணம். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அத்தை சில கொட்டைகளைக் கிண்ணத்தால் மூடுவாள். வெளியே கிடப்பதை எண்ணிவிட்டு, உள்ளே எத்தனை என்று நான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கழித்தலை அவள் அப்படித்தான் பழக்கினாள்.

அன்று மாமா எனக்குத் தெரியாமல் மூன்று கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே ஐந்து கிடந்தன. கணக்குப்படி உள்ளேயும் ஐந்து என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். "ரெண்டு" என்றேன். அத்தை கிண்ணத்தைத் தூக்கினாள். இரண்டுதான்.

"அலமாக்! திருட்டுத்தனமா பாத்தியா நீ?"

"கண்ண மூடிக்கிட்டுதான் மாமா இருந்தேன்."

"பொய்யி! அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருலா."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இப்போது வெளியே கிடப்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் எண்கள் தாமாக வாயில் வந்தன. நான்கு. ஒன்று. ஏழு. எதுவும் தவறவில்லை. மாமாவின் சிரிப்பு நின்றது.

"போதும்லா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அத்தை கொட்டைகளை ஒதுக்கினாள். திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து வந்த முதல் கர்ப்பம் அவளுக்கு; ஆறாம் மாதம். முந்தைய நாளிலிருந்து வயிற்றில் அசைவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இங்க எத்தன, சொல்லு கண்ணு?"

ஒன்று என்றுதான் வீட்டில் எல்லாரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சுழியம்."

வகுப்பில் கேட்பதைப் போலவே, "நல்லா யோசிச்சிச் சொல்லு" என்றாள்.

யோசித்தேன். "சுழியம்தான் அத்தை."

அவள் என்னைத் திட்டவில்லை. கையையும் விடவில்லை.

மறுநாள் காலை, பசியாறக்கூட உட்காராமல், முதல் வேலையாக மாமா டாக்சி பிடித்து அத்தையைக் குளுவாங் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ ஒரே பெருமை. என் விடையைச் சரிபார்க்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன்.

"அத்தை! சரியான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க!"