ஒரு பக்கத்துப் பால்

என் மகளுக்கு இரண்டு மாதம் நெருங்கும்போது நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் இடது மார்பும் வலது மார்பும் வேறு வேறு ஆட்களுடையது போல் தெரிந்தன. சந்தேகம் வந்தால் தையல்காரி என்ன செய்வாள்? டேப்பை எடுத்து அளந்தேன். முழுசாக இரண்டு அங்குலம் வித்தியாசம். நம்பாமல் மறுபடி அளந்தேன். அதேதான்.

இடது பக்கம் பால் கொட்டியது. என் பிள்ளைதான் அழ வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதாலே நைட்டி நனைந்துவிடும். வலது பக்கத்தைப் பிழிந்தால் நாலு சொட்டு வரும். அதுவும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் வரும். மகளும் அந்தப் பக்கம் வைத்தால் முதுகை வளைத்து, முகத்தைத் திருப்பி, ஊரைக் கூட்டினாள். அவளுக்கு வலது பக்கம் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆலங்குடியில் எனக்கு ஒரு சின்ன தையல் கடை. பிரசவத்துக்குத் திருவரங்குளம் பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்தபோது நகைகளைக்கூட பீரோவிலேயே விட்டுவிட்டு வந்தேன். தையல் மிஷினை மட்டும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கல்யாண மாதம் வரப்போகிறது, ரவிக்கை கொடுக்கிறவர்கள் என்னைத் தேடி இங்கேயே ஸ்கூட்டியில் வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். நாற்பதாம் நாள் கழிந்ததும் முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பச்சை உடம்பு என்று அம்மா கத்தினாள். மோட்டார் வைத்த மிஷின், மிதிக்கிற வேலையே இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

மகளைப் பெரும்பாலும் மடியிலேயே வைத்திருப்பேன். இடது கையில் அவள், வலது கையில் சாக்பீஸோ கத்திரியோ. வருகிறவர்களுக்கு அளவெடுத்து நோட்டில் எழுதுவது, துணியில் கோடு போடுவது எல்லாம் அப்படியே நடந்தது. நான் என்னைப் பற்றி ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்ட காலம் அது.

பெருமைக்கு முதல் அடி ஒரு முகூர்த்தப் பட்டு ரவிக்கை. அரக்கு நிறத் துணியைக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. முதுகுத் துண்டில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஈரம். துடைக்கத் துடைக்கக் கறை வட்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் அந்த இடத்தில் மணி வைத்து ஒரு பூ வேலை செய்தேன். தனியாக ஒரு பூ இருந்தால் நன்றாக இருக்காதே என்று இன்னும் நாலு பூ. கல்யாணப் பெண் பார்த்துவிட்டு, சொல்லாமலே செய்திருக்கீங்களே அக்கா என்று உருகிப்போனாள். நானும் சிரித்து வைத்தேன். அன்று சாயங்காலமே லைனிங் துணியை நாலாக மடித்து, எனக்கென்று நைட்டிக்குள் வைத்துக்கொள்ள வட்ட வட்டமாகப் பத்து திண்டு தைத்துக்கொண்டேன். பத்தும் இடது பக்கத்துக்கே சரியாகப் போனது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மணமேல்குடியில் இருக்கும் பெரியம்மா பால் ஊறுமென்று பால்சுறா மீன் வாங்கி, தெரிந்தவர் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்பினாள். அம்மா அதைப் புட்டு செய்து, பூண்டை அள்ளிப் போட்டு மூன்று வேளையும் கொடுத்தாள். சுறா நன்றாகவே வேலை செய்தது. என்ன, இடது பக்கத்துக்கு மட்டும் வேலை செய்தது. குவைத்தில் பைப் லைன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வீடியோவில் வந்து, ஒரு லைனில் பிரஷர் கூடினால் இன்னொரு லைனில் இறங்கத்தான் செய்யும், எங்கேயாவது அடைப்பு இருக்கும் பார் என்றார். வால்வு எங்கே இருக்கிறது என்று நீங்களே வந்து பாருங்கள் என்று சொல்லி போனை வைத்தேன்.

சிரிப்பெல்லாம் அங்கன்வாடியில் எடை போட்ட அன்று நின்றது. போன முறைக்கும் இந்த முறைக்கும் பிள்ளையின் எடை ஏறியதாகச் சொல்லவே முடியவில்லை. அட்டையில் புள்ளி வைத்த நர்ஸம்மா, அடுத்த எடை போடும் நாள் வரைக்கும் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு பவுடர் பால் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அதற்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வந்து நான் பால் கொடுப்பதைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு பால் பவுடர் டின்னை வாங்கி வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டேன். பிள்ளை காய்ந்து கிடக்கிறது, உனக்கு ரவிக்கைதான் பெரிதாகப் போய்விட்டது என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பவுடர் பால் குடித்து வளர்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. புட்டி வந்தால் இன்னொரு பக்கமும் நின்றுவிடும், பிள்ளைக்கு நான் தேவைப்படாமல் போய்விடுவேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

நாலைந்து நாளில் நர்ஸம்மா வந்தார். முன்னறையில் என் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைக்குப் பசிக்கிற நேரம்தான். எப்போதும் போலக் கொடுங்கள் என்றார். நான் இடது பக்கம் எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இப்போது வலது பக்கம் மாற்றுங்கள் என்றார். அவள் அங்கே குடிக்கவே மாட்டாள் என்றேன். பரவாயில்லை, மாற்றுங்கள் என்றார்.

மகளை மடியில் கிடத்திவிட்டு, வலது தோளுக்குக் கீழே கையைக் கொண்டுபோனேன். அங்கே குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மிஷின் மேல் வைத்தேன். ஆறு குண்டூசி. அப்புறம் இரண்டு ஊக்கு. அப்புறம் நூல் கோத்த ஊசி ஒன்று, அதன் நூல் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அதற்குள் பிள்ளை வீரிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தாள். அதற்கும் பிறகுதான் ஜிப்பைத் திறந்தேன். பால் கொடுப்பதற்கென்று நானே இரண்டு பக்கமும் ஜிப் வைத்துத் தைத்த நைட்டி அது. இடது பக்க ஜிப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. வலது பக்க ஜிப் கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருந்தது.

நர்ஸம்மா மிஷின் மேல் கிடந்த ஊசிகளைப் பார்த்தார். இதெல்லாம் எப்போதும் அங்கேதான் இருக்குமா என்று கேட்டார். தையல்காரிகள் எல்லோருக்கும் அதுதான் இடம் என்றேன். வேலைக்கு நடுவில் ஊசியைக் கீழே வைத்தால் தொலைந்துபோகும், யார் காலிலாவது ஏறும். அதனால் மேலே நெஞ்சில் குத்திவைப்போம். தொழில் பழகிய நாளிலிருந்து என் கை அங்கேதான் போகும், நினைத்துப் பார்த்துப் போவதில்லை.

"பிள்ளை அங்கிட்டு வரமாட்டேங்குதுன்னு சொன்னீங்க," என்றார் அவர். "நீங்க விட்டாத்தானேம்மா வரும்."

மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து என் கை, எனக்கே சொல்லாமல், பிள்ளையை ஊசியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அப்படியே அந்தப் பக்கத்துப் பாலிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. எப்போதாவது வலது பக்கம் வைக்கிறபோதும், ஊசியெல்லாம் எடுத்து முடிக்கும் முன்னால் அவள் அழுது களைத்திருப்பாள். களைத்த வாய்க்கு நாலு சொட்டு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? பழியை மட்டும் அவள் மேல் போட்டிருக்கிறேன்.

நர்ஸம்மா திட்டவில்லை, சிரித்தார். பிள்ளை சப்பினால்தான் அந்தப் பக்கம் ஊறும், சப்பாவிட்டால் தேவையில்லை போலிருக்கிறது என்று அது குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். இனி ஒவ்வொரு முறையும் வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம். பிள்ளை குடித்து முடித்ததும் வலது பக்கத்தைக் கையால் கொஞ்ச நேரம் பிழிந்துவிட வேண்டும். இடது பக்கத்தை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது, பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இரண்டு பக்கமும் சரிசமமாக ஆகாமலும் போகலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு பக்கப் பாலிலேயே வளரும் பிள்ளைகள் உண்டு. அம்மா அப்போது காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே வந்து கொடுக்காமல் அங்கேயே வெகுநேரம் நின்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலையாக, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி பஞ்சு அடைத்த ஒரு ஊசித் திண்டு தைத்தேன். தைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கை பழக இரண்டு வாரம் ஆனது. அதுவரை ஊசி நெஞ்சுக்குத்தான் போகும். அம்மா எதிரில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல், ஊசியைப் பிடுங்கி மணிக்கட்டில் குத்திவிட்டுப் போவாள். எங்களுக்குள் பேச்சு மறுபடி துவங்கியது அப்படித்தான்.

மகள் சுலபத்தில் மசியவில்லை. ஒரு வாரம் காலால் உதைத்தாள். அப்புறம் ஒரு வழி கிடைத்தது. அவள் படுத்த வாக்கை மாற்றாமல், இடது பக்கம் குடிக்கிற மாதிரியே அப்படியே வலது பக்கம் நகர்த்தி, காலை என் கக்கத்துக்குள் விட்டுப் பிடித்தால் ஏமாந்துவிடுகிறாள். மத்தியானத் தூக்கத்திலிருந்து பாதி விழிக்கும்போது வைத்தால் இன்னும் நல்லது, எந்தப் பக்கம் என்று கேட்காமல் குடிப்பாள். நானும் அந்த நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிடுவேன். வேலை பாதியாகக் குறைந்தது. ரவிக்கை தாமதமானதற்குக் கோபித்துக்கொண்டவர்களிடம் இப்படியிப்படி விஷயம் என்று சொன்னேன். அதில் மூன்று பேர் கோபத்தை மறந்து, தங்களுக்கு எந்தப் பக்கம் குறைவாக இருந்தது என்று கதை சொல்ல உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குக் கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். என் நைட்டியையே பார்த்த டீச்சர், ஏதோ நனைந்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தால் வலது பக்கம். டேப்பை டீச்சர் தோளிலேயே விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அடுப்படியில் நின்று இரண்டு பேரும் அந்த ஈரத்தை ஏதோ பரிசு வாங்கிய மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சர்தான் பாவம், கையைத் தூக்கியபடியே முன்னறையில் நின்றிருக்கிறார்.

எடை போடும் நாள் வந்தது. அங்கன்வாடிக்கு நானும் அம்மாவும் போனோம். தொங்கும் தராசில் பிள்ளையை வைத்தோம். நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், புள்ளி வைத்தார். போன மாதப் புள்ளியிலிருந்து கோடு மேலே ஏறி, பச்சைப் பட்டைக்குள் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. வலது பக்கம் இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் பாதிதான் வருகிறது என்றேன். அது போதும், இப்படியே கொடுங்கள், டின்னுக்கு வேலையில்லை என்றார். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது.

திரும்பும்போது முந்திரித் தோப்பு ஓரமாக நடந்து வந்தோம். நான் பேசிக்கொண்டே வந்தேன். டின் வாங்கியதைக் குத்திக்காட்டினேன், சுறாப் புட்டைக் கேலி செய்தேன். அம்மா கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வாய்க்கால் பாலத்துக்கிட்டே வந்ததும் நின்றாள்.

"எனக்கும் ஒரு பக்கந்தான்த்தா வந்துச்சு," என்றாள். "அது பத்தும்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் வெக்கப்பட்டுக்கிட்டு யாருட்டயும் கேக்கல. நல்லா வந்த பக்கத்தையும் துணியப் போட்டு இறுக்கிக் கட்டி நிப்பாட்டிட்டேன். ஒனக்கு மூணு மாசத்துலயே புட்டிதான்."

என் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அம்மா டின்னை வாங்கி வைத்தாள் என்று ஒரு மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்த ஒரே வழியை அவள் எடுத்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். புட்டி குடித்துத்தானே இந்த உயரம் வளர்ந்திருக்கிறேன், என் வாயைப் பார்த்தால் போஷாக்குக் குறைந்த பிள்ளை மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குள் மகள் சிணுங்க ஆரம்பித்தாள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். அம்மா எதிரில் நின்று முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். வலது பக்கம் வைத்தேன். குடிக்கிறாளா என்று அம்மா கேட்டாள். முழுங்குகிற சத்தம் வருகிறது, வேண்டுமானால் நீயே கேள் என்றேன்.

அம்மா குனிந்து காதைக் கொண்டுவந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.