ஸ்டெல்லா மிஸ்ஸின் ஹார்ட் டிஸ்க்

போனை வைத்துப் பத்து நிமிடம் கழித்துதான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லா மிஸ்ஸிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். முக்கியமான பாதியை விட்டுவிட்டேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற சுபாவம். அப்படிப்பட்ட நானே அன்று கோட்டை விட்டேன்.

மிஸ் விவேக் நகரில் சர்ச் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவர். சோப்ரானோ, ஆல்டோ என்று ஒவ்வொரு குரலுக்கும் உரிய பகுதியை தானே பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்கள் அதைக் கேட்டுத்தான் பாடம் பண்ணுவார்கள். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. அந்தக் குரல் இனி அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான்.

விண்டோஸுக்கென்று என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் அது. மகன் வாங்கிக் கொடுத்த மேக்கில் செருகினால் படிக்கும். புதிதாக எதையும் எழுத விடாது. அதற்குத்தான் மிஸ் போன் செய்தார். நான் வேறொரு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டே, "டிஸ்க் யூட்டிலிட்டி போங்க மிஸ். எரேஸ் குடுங்க. ஃபார்மட்ல எக்ஸ்ஃபேட் செலக்ட் பண்ணுங்க. அப்புறம் ரெண்டுலயும் ஓடும்" என்றேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் பேக்கப் எடுங்கள் என்று சொல்லவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

"ஏனாய்த்து ஜெயபால்? பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார் முதலாளி மஞ்சுநாத். சொன்னேன்.

"இஷ்டேனா? டீச்சர்ப்பா அவங்க. எரேஸ்னா என்னன்னு தெரியாதா?"

"நான் சொன்னா யோசிக்க மாட்டாங்க சார். அப்படியே செய்வாங்க."

"அப்ப இங்க ஏன் நிக்கற மாராயா? ஸ்கூட்டர எடு!"

அழிந்ததை மீட்கிற ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டால் எத்தனை பாட்டு வரும், எத்தனை பாதியில் நிற்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மிஸ் வீட்டு வாசலிலேயே சண்டை கேட்டது.

"டிஸ்குக்குப் போயி யாராவது புனிதர் பேரு வைப்பாங்களா?" இது அவருடைய கணவர் அந்தோணி சார்.

"பாட்டுக்காரங்களுக்குப் பாதுகாவலி சிசிலியாதான். பின்ன, உங்க பேர வைக்கணுமா?" கரகரத்த குரலில் மிஸ்.

"வெச்சா என்ன? வாங்கிக் குடுத்தது நானு."

என்னைப் பார்த்ததும் மிஸ், "வாங்க ஜெயபால், நீங்களே சொல்லுங்க. இது பேரு கேக்குது. கால் மணி நேரமா இவரோட மாரடிக்கறேன்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் மேக். எரேஸ் பெட்டி திறந்திருந்தது. எக்ஸ்ஃபேட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார். எல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை வரியும் இருந்தது. மிஸ் கண்ணாடி போடவில்லை. பெயர்க் கட்டத்தில் சிசிலியா பாதி வரை வந்திருந்தாள்.

"மிஸ், கீபோர்டுல இருந்து கைய எடுங்க."

கேன்சலை நானே அழுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் மிஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"எழுத விடாம ஒரு பூட்டு இருக்கில்ல, அதைத்தான் அழிக்குதுன்னு நெனச்சேன்."

"நான் சண்டை போட்டேன், தப்பிச்சே" என்றார் அந்தோணி சார்.

எல்லாவற்றையும் முதலில் மேக்குக்குக் காப்பி செய்தோம். பிறகு எரேஸ் கொடுத்தபோது மறுபடியும் பெயர் கேட்டது. மிஸ் 'அந்தோணி' என்று அடித்தார். சார் எழுந்து டீ போடப் போனார். பாட்டுகளை டிஸ்குக்குத் திருப்பி எழுதினோம். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் தாங்காது என்றும் சொல்லிவைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மை நம்புகிறவர்கள் நாம் சொன்ன வரிசையில்தான் செய்வார்கள். அதனால் பேக்கப்பை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். "எடுத்தாச்சு" என்று சொல்வார்கள். நான் அதோடு விடுவதில்லை. அந்த பேக்கப்பில் ஒரு ஃபைலைத் திறந்து, பாட்டாக இருந்தால் போனிலேயே எனக்குக் கேட்க வைக்கச் சொல்கிறேன்.