சிவலிங்கத்தைத் தேடும் நோட்டீஸ்கள்

பிரிண்ட் கடைக்காரர்களே, கல்யாணக் காட் அடிக்க வந்தவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, “இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க” என்று ஆரம்பித்தால் வருகிற எரிச்சல் உங்களுக்குத் தெரியாததல்ல. பண்டாரவளையில் என் கடையில் அப்படி உட்கார்ந்து வேலை வாங்கியவர், பூனாகலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பரமேஸ்வரி. அவருடைய கணவர் சிவலிங்கம் பதுளை ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போனார். பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

மாலை

பொலிசில் முறைப்பாடு செய்துவிட்டு, நோட்டீஸ் அடிக்க நேரே கடைக்கு வந்தார். கையில் இருந்தது கல்யாணப் படம். கழுத்து நிறைய மாலையோடு சிவலிங்கம். முகம் தெளிவாக இருந்ததால், அப்படியே போட்டுவிடலாம் என்றேன். அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

“மாலையை எடுத்துடுங்க நானா. தூரத்துல பாக்கிறவங்க செத்துப்போன ஆளுன்னு நெனச்சிட்டுப் போயிருவாங்க.”

காது

அடையாளம் என்ற இடத்தில் உயரம், நிறம், நெற்றித் தழும்பு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் போட்டேன். வலது காது கேட்காது என்பதையும் போடச் சொன்னார். பார்த்தால் தெரியாத குறையை எழுதி என்ன பிரயோசனம் என்று கேட்டேன்.

“யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாப்பாங்கல்ல? திரும்பலன்னா அவர் இல்லைன்னு விட்டுருவாங்க. இடது பக்கமா வந்து கூப்பிடச் சொல்லி எழுதுங்க.”

ஹல்துமுல்லை ஆள்

தோட்டத்தில் சிக்னல் கிடைக்காததால் நோட்டீஸில் என் நம்பர்தான். விளையாட்டுக்கு எடுத்தவர்கள், சாத்திரம் பார்த்துச் சொல்கிறேன் என்றவர்கள், எல்லோரையும் சமாளித்தேன். ஒருநாள் ஹல்துமுல்லையிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் பேசினார். நோட்டீஸில் இருப்பவர் மாதிரியே ஒருவர் கடை வாசலில் இருக்கிறாராம். பரமேஸ்வரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பின்னால் இருந்து பார்க்கச் சிவலிங்கமேதான். பரமேஸ்வரி இடது பக்கமாகப் போய்க் கூப்பிட்டார். திரும்பிய முகம் வேறு. நான் ஆட்டோப் பக்கம் திரும்பிவிட்டேன். அவரோ அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து, பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, ஊரை விசாரித்தார். ஞாபகம் தடுமாறுகிற மனிதர். மெல்ல மெல்லப் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் வந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். பின்னேரமே அந்த மனிதரின் மகள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். திரும்பி வரும்போதுதான் பரமேஸ்வரி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தேடினா ஆள் கெடைக்குதுல்ல நானா. நாளைக்கு வெலிமடைப் பக்கம் ஒட்டுவோம்.”

அஞ்சலி

சிவலிங்கத்தின் தம்பி ஒருநாள் அதே படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தார். காரியம் செய்யாமல் வைத்திருப்பது குடும்பத்துக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். அண்ணிக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை என்றார். நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, பரமேஸ்வரிக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டேன். மறுநாள் கடையில் இருவரும் நேருக்கு நேர். பரமேஸ்வரி சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவரோ தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழணும்னா அழுங்க தம்பி, நான் தடுக்கல. அவர் செத்துட்டாருன்னு எனக்குக் காட்டிட்டு அப்புறமா அடிங்க.”

தாடி

பொலிசிடம் இன்றுவரை பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை. இப்போது பசை வாளியைத் தூக்குவது அந்தத் தம்பிதான். ஆளைத் தொலைத்த வேறு குடும்பங்களும் பரமேஸ்வரியைத் தேடி வருகின்றன. என்ன எழுதுவது, எங்கே ஒட்டுவது என்று அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். போன கிழமை வந்து, தன் கணவருக்கு இந்நேரம் தாடி வளர்ந்திருக்கும், படத்தை மாற்றுங்கள் என்றார். கன்னம் நிறையத் தாடி வைத்துக் காட்டினேன்.

“அவருக்குக் கன்னத்துல வளராது நானா. நாடியில மட்டும் வைங்க. ஆளைப் பாத்தா நீங்களே ஒத்துக்குவீங்க.”

“என் மூஞ்சி இப்படியா இருக்கு?” என்று சிவலிங்கம் ஒருநாள் கடைக்குள் வந்து சண்டை பிடித்தால், இத்தனை வருஷத் தொழிலில் நான் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொள்ளும் முதல் திட்டு அதுவாகத்தான் இருக்கும்.