ஈரம் தின்ற எழுத்துகள்

சித்தப்பா விட்டுப்போன இரண்டு பிளாப்பி டிஸ்க்குகளையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை மஞ்சள் பையில் வைத்து, அந்தப் பையை மடியை விட்டு இறக்காமலேயே சித்தி குடவாசலிலிருந்து தஞ்சாவூர் வரை வந்தாள். பின் இருக்கையில் சித்தப்பாவின் கம்ப்யூட்டர், போர்வை சுற்றிக்கொண்டு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "மெதுவாப் போ தம்பி, பள்ளத்துல விட்டுறாத" என்று வழி நெடுகச் சொன்னாள். சித்தப்பா உயிரோடு காரில் வந்தபோதுகூட அவள் இத்தனை முறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குச் சம்பளம் தருவது இன்சூரன்ஸ் ஆபீஸ்; பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து உயிர் கொடுப்பது பொழுதுபோக்கு. எங்கள் மாடியறையைக் காயலான் கடை என்றுதான் என் மனைவி சொல்வாள். என்னைப் போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கூடும் கண்காட்சி சென்ற மார்கழியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது; நாங்கள் போனது அதற்குத்தான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். பந்தி மேஜைகளில் இலைக்குப் பதில் மானிட்டர்கள் வரிசையாக இருந்தன. பச்சை எழுத்து மினுக்கும் திரைகளின் முன்னால் நரைத்த தலைகள் சின்னப் பிள்ளைகள் மாதிரி குனிந்து நின்றன.

குடவாசலில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய ஒன்றிரண்டு பேரில் சித்தப்பாவும் ஒருவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம் என்று திருச்சியில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்டதை வாங்கி வந்தார். வந்த பிறகுதான் அதற்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தாக, புள்ளி புள்ளியாக, திரையிலேயே வரையத் தொடங்கினார். ழகரத்தின் சுழி சரியாக வரவில்லை என்று சோறு பிசைந்த கையோடு எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். எழுத்துகள் முடிந்தன. இரண்டு பிளாப்பிகளில் ஒரே மாதிரி பதிந்து வைத்தார். தை பிறந்ததும் பத்திரிகை அடிப்பதாகப் பேச்சு.

அந்த ஐப்பசி மழையில் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. "நம்மூரு ஈரம் தின்னுருச்சு" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில். மறுபடி வரையச் சொல்லி நான் எவ்வளவோ கெஞ்சினேன், சிரித்து மழுப்பிவிட்டார். உரக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் இருந்தார். அப்படிப்பட்ட மூளை யூரியா மூட்டைக்குப் பில் போட்டதே என்று இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். சித்தியோ ஒவ்வொரு ஐப்பசியிலும் மழையைத் திட்டுவாள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊரே வானத்தைப் பார்க்கும்போது அவள் ஒருத்தி மட்டும் அதைச் சபிப்பாள்.

பூஞ்சை பிடித்த பிளாப்பியைக் கழுவிப் படிப்பது எனக்குக் கைவந்த வேலை. அவர் திதிக்குப் போன இடத்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். சித்தி உடனே பிடித்துக்கொண்டாள். "அவரு பேர அவரு எழுத்துலயே அடிச்சுக் குடு தம்பி, படத்துக்குக் கீழ ஒட்டிக்கிறேன். வேற ஒண்ணும் வேணாம்." முதலில் மாடியறையில் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கலாம். நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

மண்டபத்தில் எனக்குக் கொடுத்த மேஜையில் துணி விரித்து, முதல் பிளாப்பியின் கறுப்பு உறையை ஓரமாக வெட்டினேன். உள்ளே பூஞ்சையே இல்லை. தட்டில் வட்டமாக ஒரு கீறல், பூச்சு உரிந்து அந்தப் பக்கம் தெரிந்தது. உறையின் வெள்ளை உள்துணியில் சிவப்பும் மஞ்சளுமாகக் கறை. இரண்டாவதும் அப்படியே. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "யாரு சார் இதுல குங்குமத்தக் கொட்டுனது?"

"நான்தாங்க" என்றாள் சித்தி.

அந்தக் காலத்துப் பிளாப்பியின் உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். இயந்திரம் படிப்பது அதன் வழியாகத்தான். பார்ப்பவர்களுக்கு அது பொட்டு வைக்கவே விட்ட இடம் போலத் தோன்றும். அந்த வருஷ ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் வைத்துவிட்டு, புதிதாக முடித்த வேலையாயிற்றே என்று பிளாப்பிகளுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருக்கிறாள். அது உள்ளே போய், தட்டு சுழலச் சுழலப் பூச்சைச் சுரண்டிவிட்டது. திறப்பில் இப்போது பொட்டு இல்லை. யாரோ வெளிப்புறத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் துடைத்திருந்தார்கள். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சித்தி உறைத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "போலாமா தம்பி" என்றாள்.

வலங்கைமான் தாண்டினோம். இருபுறமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. பள்ளங்களில் வண்டி குலுங்கியது. "மெதுவாப் போ" என்று அவள் சொல்லவில்லை. நானே ஆரம்பித்தேன்: "தெரியாமச் செஞ்சதுதான சித்தி."

"அதுக்கடுத்த வருஷத்துலேந்து ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்த அவருதான் எடுப்பாரு. நீ போயிச் சுண்டலப் பாருன்னு அனுப்பிருவாரு. எனக்கு ஒத்தாசை பண்றாருன்னு தெருவெல்லாம் சொல்லிப் பெருமப்பட்டுக்கிட்டேன்."

மடியிலிருந்த மஞ்சள் பையின் வாயை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கே திட்டியிருந்தார்னா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். மறுபடி வரைங்கன்னு கால்ல விழுந்திருப்பேன். இப்ப யாருகிட்டப் போயி விழறது?"